வீட்டுச் சுவர்களின் சிறு துளைகளும் அவற்றை அடைக்கும் முறையும்

ஆணி பிடுங்கிய துளை, எலி குடைந்த வளை, கட்டிலின் கால் இடித்ததால் பெயர்ந்த காரை, மழைச்சாரல் அரித்துச் சென்ற அடிப்பகுதி ஆகியவை நம் நாட்டில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் காணப்படுவனவாகும். இவை சிறியவையாதலின் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. வெள்ளையடிக்கும்போது கைப்பிடியளவு சாந்தை அப்பிவிட்டால் போதும் என்று எண்ணுவோரே மிகுதி. அவ்வாறு அப்பிய சாந்து அடுத்த மழைக்காலத்திற்குள் உதிர்ந்து, முன்பிருந்ததைவிடப் பெரிய குழியை விட்டுச் செல்வது பலரும் கண்ட செய்தியே.

துளையை அடைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அரிய கருவிகளும் தேவையில்லை. எனினும், சுவர் எதனால் ஆனது, துளை எதனால் உண்டாயிற்று, எப்பருவத்தில் அதனை அடைக்க வேண்டும் என்ற மூன்றையும் அறியாமல் செய்யும் வேலை நிலைப்பதில்லை. நாட்டின் சில பகுதிகளில் இவ்வேலை வீட்டின் அழகையும் உறுதியையும் மட்டுமன்றி, வீட்டில் வாழ்வோரின் உயிரையும் பற்றியதாகும். ஆதலின் அதனை முதலிற் கூறுவது பொருத்தமாகும்.

சுவரிடுக்கும் காலா அசார் நோயும்

பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசத்தின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் காலா அசார் என்னும் காய்ச்சல் நெடுங்காலமாகப் பரவி வந்துள்ளது. வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்தச் சோகை, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். சிகிச்சை பெறாதவர்களுள் மிகப் பெரும்பாலோர் உயிரிழப்பர். இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1903-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் லீஷ்மனும், சென்னையில் சார்லஸ் டோனவனும் தனித்தனியே விவரித்தனர். அவ்விருவர் பெயராலேயே அவ்வுயிர் இன்றும் வழங்கப்படுகிறது. மணல் ஈ என்னும் சிறு பூச்சி கடிப்பதனால் இந்நோய் மனிதருக்குப் பரவுகிறது என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942-இல் நிலைநாட்டினர்.

மணல் ஈ இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. கொசுவைப்போல் நெடுந்தூரம் பறக்கும் ஆற்றல் இதற்கில்லை. தத்தித் தத்திச் சிறு தொலைவுகளையே கடக்கும். இரவில் மனிதரையும் கால்நடைகளையும் கடித்துக் குருதியுண்ணும். வெயிலும் வறட்சியும் இதற்கு ஆகா. எனவே பகற்பொழுதில் இருளும் ஈரமும் உள்ள இடத்தை நாடி ஒதுங்குகிறது. மண் சுவரின் வெடிப்புகளும் துளைகளும் அதற்கு மிகவும் ஏற்ற இடங்களாகும். வெளியே வெயில் கடுமையாக இருந்தாலும், ஒரு விரற்கடை ஆழமுள்ள வெடிப்பின் உட்புறம் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும்.

இந்தியாவில் காலா அசார் நோய்க்கிருமியின் இருப்பிடம் மனித உடலேயாகும். நோயுற்றவரைக் கடித்த ஈ அதே சுவரிடுக்கில் தங்கி, சில நாட்கள் கழித்து அவ்வீட்டிலுள்ள மற்றொருவரைக் கடிக்கக்கூடும். ஆகையால்தான் ஒரே குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பலர் இந்நோய்க்கு ஆளாவதைக் களப்பணியாளர்கள் கண்டுள்ளனர்.

பூச்சிமருந்துத் தெளிப்பும், விரைவில் நோயைக் கண்டறியும் முறைகளும், சிறந்த மருந்துகளும் சேர்ந்து இந்நோயைப் பெரிதும் குறைத்துள்ளன. வட்டாரம் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்ற இலக்கு 2023-ஆம் ஆண்டில் எட்டப்பட்டதாக இந்திய அரசு அறிவித்தது. ஆயினும், முன்னொரு காலத்தில் மலேரியா ஒழிப்புத் தெளிப்பினால் இந்நோய் ஏறக்குறைய மறைந்து, 1970-களில் பீகாரில் மீண்டும் தலைதூக்கியது என்பதை மறத்தலாகாது. சுவரிலுள்ள துளைகளை அடைப்பது மட்டுமே நோயைத் தடுத்துவிடாது. எனினும் ஈயின் புகலிடத்தைக் குறைப்பதற்கும், தெளிக்கும் மருந்து சுவர் முழுவதும் சீராகப் படிவதற்கும் அது துணையாகிறது. தென்னாட்டில் இந்நோய் பரவலாக இல்லை. ஆயினும் சுவரைச் செப்பனிடும் முறை எங்கும் ஒன்றே.

சுவருக்கேற்ற அடைப்பு

துளையை அடைக்கும் கலவை சுவரின் பொருளை ஒத்திருத்தல் வேண்டும். அதனைவிட வலியதாக இருத்தலாகாது. இதுவே இவ்வேலையின் தலையாய விதியாகும்.

மண் சுவரின் துளையில் சிமெண்டுக் கலவையை வைத்தால் வலிமை மிகும் என்று பலர் கருதுகின்றனர். நடப்பது இதற்கு மாறானது. மண் ஈரத்தை ஏற்கும்போது சற்றே விரியும், உலரும்போது சுருங்கும். சிமெண்டுக் காரையோ அவ்வாறு இடங்கொடுப்பதில்லை. ஆகவே இரண்டிற்கும் இடையே மெல்லிய பிளவு தோன்றுகிறது. மேலும், மண் சுவரிலுள்ள ஈரம் அதன் முகப்பின் வழியாக ஆவியாக வெளியேறுவது இயல்பு. சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுவதால் ஈரம் காரைக்குப் பின்புறம் தேங்கி மண்ணை நெகிழச் செய்கிறது. முடிவில் காரை பாளமாகக் கழன்று, தன்னுடன் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. விழுவதற்கு முன்பும், காரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இருண்ட வெளி பூச்சிகளின் புகலிடமாகிவிடுகிறது.

இவ்வாறே சுண்ணாம்புச் சாந்தினால் கட்டிய பழைய செங்கற் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. சிமெண்டுப் பூச்சுள்ள சுவருக்கு, அப்பூச்சைவிடச் செறிவு மிகாத சிமெண்டுக் கலவை ஏற்றது.

முதலில் காரணத்தை நீக்குதல்

துளை உண்டான காரணம் நீங்காமல் அதனை அடைப்பது வீண் வேலை. பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் வருமாறு:

1. மழைச்சாரல்: கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறித்துச் சுவரின் அடிப்பகுதியை அரிக்கிறது. கூரை விளிம்பை நீட்டுவதும், சுவரடியில் நீர் ஓடிவிடுமாறு சரிவு அமைப்பதும் இதற்குப் பரிகாரமாகும்.

2. உப்பு: தரையிலுள்ள ஈரம் சுவரில் ஏறும்போது கரைந்த உப்புக்களையும் உடன் கொண்டு வருகிறது. நீர் ஆவியானபின் உப்பு படிகமாகிச் சுவரின் முகப்பைப் பொடியாக உதிர்க்கிறது. பீகாரில் வெடியுப்பு மிகுந்த மண்ணும், அவ்வுப்புப் பூக்கும் பழைய சுவர்களும் பெயர்பெற்றவை. அங்கே நோனியா எனப்படும் மக்கள் அதனைச் சேகரித்துக் காய்ச்சி எடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். உப்புப் பூத்த பகுதியை உலர்ந்த துடைப்பத்தினால் பெருக்கி அப்புறப்படுத்த வேண்டும். நீரால் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே சென்றுவிடும். உதிர்ந்த அம்மண்ணை அடைப்புக் கலவையில் சேர்த்தலும் ஆகாது.

3. எலி, கறையான்: எலி வளையின் உட்பகுதியில் கல் துண்டுகளையும் செங்கற் சில்லுகளையும் இறுக அடைத்த பின்னரே கலவையை வைத்தல் வேண்டும். கறையான் மண்கூட்டை முற்றிலும் சுரண்டி நீக்கி, அது எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்தல் வேண்டும்.

4. சுவரின் அசைவு: கதவு, சன்னல் ஆகியவற்றின் மூலையிலிருந்து சாய்வாகச் செல்லும் வெடிப்பு அடித்தளம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டொன்றைப் பசையால் இறுக ஒட்டி, அதன்மேல் தேதியைக் குறித்து வைக்கலாம். சில வாரங்களில் காகிதம் கிழியுமாயின் வெடிப்பு இன்னும் வளர்கிறது என்பது தெளிவு. அத்தகைய சுவரைச் சாந்தினால் மூடி மறைப்பது ஆபத்தாகும். தேர்ந்த கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ காட்டுதல் வேண்டும்.

மண்ணைச் சோதித்தல்

மண் சுவரை அடைப்பதற்கு எந்த மண்ணும் உதவும் என்று எண்ணுதல் தவறு. களிமண் ஒட்டும் தன்மை மிக்கது. ஆனால் உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். மணல் சுருங்காது, ஆனால் ஒட்டாது. இரண்டும் தக்க அளவிற் கலந்திருத்தல் வேண்டும். இதனை அறிவதற்கு இரு எளிய சோதனைகள் உள்ளன.

முதற் சோதனைக்கு ஒரு கண்ணாடிப் புட்டி போதும். அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீரை நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியிற் படியும். அதன்மேல் வண்டல் படியும். களி மெல்லப் படிந்து மேலடுக்காக அமையும். மறுநாள் அடுக்குகளின் தடிப்பை அளந்து ஒப்பிட்டால் மண்ணின் இயல்பு விளங்கும்.

இரண்டாவது சோதனை இன்னும் பயனுள்ளது. வெறும் மண், ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு மணல் என மூன்று கலவைகள் செய்து, உள்ளங்கையளவு வட்டங்களாக அதே சுவரின் மறைவான ஓரிடத்தில், நனைத்தபின் பூச வேண்டும். மூன்று நான்கு நாட்களில் அவை உலர்ந்துவிடும். வெடித்தது களி மிகுந்தது; விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்வது மணல் மிகுந்தது; வெடிக்காமலும் உதிராமலும் நிற்பதே அச்சுவருக்குரிய கலவை.

மண் சுவரின் துளையை அடைத்தல்

தேர்ந்தெடுத்த மண்ணைக் கட்டியும் கல்லும் இல்லாமல் சலித்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கிய வைக்கோலையோ உமியையோ சேர்த்து, நீர்விட்டுக் காலால் மிதித்துக் குழைத்து, சில நாட்கள் ஊற வைத்தல் வேண்டும். வைக்கோல் இழைகள் சுருக்கத்தினால் தோன்றும் வெடிப்பு ஓரிடத்திற் பெரிதாகாமல் தடுக்கின்றன. ஊறிய மண் வழவழப்பாகி நன்கு பற்றிக்கொள்ளும்.

அதற்குள் துளையைத் தயார் செய்யலாம். தளர்ந்த மண்ணையெல்லாம் கத்தியாலோ உளியாலோ சுரண்டி எடுத்து, உட்புறம் சற்று அகன்றும் வாய் சற்றுக் குறுகியும் இருக்குமாறு செதுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் அடைப்பு வெளியே நழுவ இயலாது. பின்னர்த் தூசியைத் துலக்கி, நீரைத் தெளித்து நனைத்தல் வேண்டும். உலர்ந்த சுவர் கலவையின் நீரை உடனே உறிஞ்சிவிடும். அதனால் கலவை சுருங்கி விளிம்பில் விலகி நிற்கும். அடைப்புகள் கழன்று விழுவதற்கு இவ்வொரு குறையே பெரும்பாலும் காரணமாகிறது. ஆனால் நீர் வழிந்தோடுமாறு நனைத்தலும் கூடாது.

கலவையை ஒரே முறையில் வாய்வரை நிரப்புதல் ஆகாது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக, ஒவ்வொன்றையும் துளையின் அடிவரை கட்டைவிரலால் அழுத்தி நிரப்ப வேண்டும். ஆழமான துளையில் நனைத்த செங்கற் சில்லுகளை இடையிடையே பதித்தால் சுருக்கம் குறையும். முன்னடுக்கு கெட்டிப்பட்டபின் அதன் முகத்தைக் கீறி, நனைத்து, அடுத்ததை இடலாம். வாயை மட்டும் மூடி உட்புறத்தை வெற்றிடமாக விடுதல் வேலை முடிந்ததுபோல் தோன்றினும், உண்மையில் பூச்சிக்கு ஒரு மறைவிடத்தைக் கட்டித் தருவதேயாகும்.

கடைசி அடுக்கைச் சுவரின் மட்டத்திற்குக் கொணர்ந்து, அது தோல்போல் இறுகும் பதத்தில் மரத்தாலான மணியாசுக் கட்டையாலோ வழவழப்பான கல்லாலோ மீண்டும் தேய்த்து அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் மூடிக்கொள்ளும். மழைச்சாரல் படும் வெளிச்சுவருக்கு நீர் எளிதில் கரைக்காத மண்பூச்சு நல்லது. 1947-இல் தொடங்கப்பெற்ற ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், தார்வகையைச் சேர்ந்த பிட்டுமென் கலந்த அத்தகைய மண்பூச்சு முறையொன்றை வகுத்துத் தந்துள்ளது.

சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுச் சுவரும்

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு கலந்து சாந்து செய்யலாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று இறுகுவதாகும். இதற்குச் சிறிது ஈரமும் இன்றியமையாதது. ஆகவே மெல்லிய அடுக்குகளாகப் பூசி, கடும் வெயிலிலிருந்து ஈரச்சாக்கினால் மறைத்து, மெல்ல உலரவிட வேண்டும். மணலின் ஒரு பகுதிக்குப் பதிலாக நன்கு சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரமான இடத்திலும் சாந்து இறுகும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையுமாதலின், குழந்தைகளை அப்பால் நிறுத்திப் பெரியவர்களே அதனைச் செய்தல் வேண்டும்.

சிமெண்டுப் பூச்சில் பெயர்ந்த இடத்தைச் செப்பனிட, சிமெண்டு ஒரு பங்குக்கு மணல் ஆறு பங்கு சாதாரணமாகப் போதும். சிமெண்டு மிகுந்தால் உறுதி மிகும் என்பது முழு உண்மையன்று. சுருக்கமும் வெடிப்புமே மிகும். தட்டிப் பார்த்து வெற்றொலி எழும் பகுதியை முழுவதும் கொத்தி எடுத்து, விளிம்புகளை நேராக வெட்டிவிட வேண்டும். கூர்விளிம்பாகத் தேய்த்துவிட்ட மெல்லிய ஓரம் விரைவில் உலர்ந்து செதிலாக உரிந்துவிடும். நீர்விட்டுக் குழைத்த கலவையை அரை மணி நேரத்திற்குள் பயன்படுத்துதல் நலம். இறுகத் தொடங்கியதை மீண்டும் நீர்விட்டுக் குழைத்தல் தகாது. பூசியபின் ஏழு நாட்கள் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்.

மேற்பூச்சில் மட்டும் விழுந்த ஆழமற்ற பள்ளத்தைக் கம்பியால் கீறிச் சொரசொரப்பாக்கி, நனைத்து, ஒரே பூச்சினால் நிரப்பலாம். உலர்ந்த உட்சுவரிலுள்ள ஆணித் துளைக்குப் பாரிஸ் சாந்து ஏற்றது. அது இறுகும்போது சுருங்குவதற்குப் பதிலாக மிகச் சிறிதளவு விரிவதால் துளையில் நன்கு பற்றிக்கொள்ளும். ஆனால் ஓதம் ஏறும் சுவரில் நாளடைவில் நெகிழ்ந்துவிடும். மின்கம்பிகள் செல்லும் சுவரைக் கொத்துமுன் மின்னோட்டத்தை நிறுத்துதல் அவசியம்.

தெளிப்புக்கு முன்பா, பின்பா?

காலா அசார் பரவும் பகுதிகளில் இவ்வினாவே எல்லாவற்றினும் முக்கியமானது. வீட்டின் உட்சுவரிலும் மாட்டுத் தொழுவத்தின் சுவரிலும் தரையிலிருந்து ஏறத்தாழ ஆறடி உயரம்வரை பூச்சிமருந்து தெளிக்கப்படுகிறது. நெடுங்காலம் இதற்கு டி.டி.டி. பயன்பட்டது, மணல் ஈ அதற்கு ஈடுகொடுத்துத் தப்பும் திறன் பெற்றுவிட்டதனால் 2015 முதல் செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் கையாளப்படுகின்றன. மருந்து எதுவாயினும், அது சுவரின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கி, அங்கு வந்து அமரும் ஈயைக் கொல்கிறது.

தெளித்தபின் அச்சுவரை மண்ணாலோ சாணத்தாலோ மெழுகினால் மருந்துப் படலம் மெழுக்கின் அடியில் மறைந்துவிடும். மருந்தின் கறையும் நாற்றமும் பிடிக்காமல் இல்லத்தரசியர் சிலர் மறுநாளே மெழுகிவிடுவதுண்டு. அவர்கள் நோக்கம் தூய்மையே. விளைவோ தெளிப்பு நடைபெறாததற்கு ஒப்பாகும். மாறாக, துளைகளை அடைக்காமலே தெளித்தால் மருந்து வெடிப்பின் உட்புறத்தை எட்டுவதில்லை. ஆகையால் முதலில் அடைத்தல், பிறகு நன்கு உலரவிடுதல், அதன்பின் தெளித்தல், மருந்தின் வீரியம் உள்ளவரை சுவரைத் தொடாதிருத்தல் என்ற வரிசை மாறலாகாது. வீரியம் எத்தனை வாரம் நீடிக்கும் என்பதைத் தெளிப்புக் குழுவினர் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிச் செல்லுதல் கடமையாகும்.

பீகாரில் தீபாவளிக்கும், அதனை அடுத்து வரும் சட் பூசைக்கும் முன்பு வீடுகளை மெழுகிப் புதுப்பிப்பது வழக்கம். மழை ஓய்ந்து காற்று வறளத் தொடங்கும் அப்பருவம் துளைகளை அடைப்பதற்கும் மிகப் பொருத்தமானது. அப்போது அடைத்த சுவர் அடுத்த ஆண்டின் தெளிப்புக்கு முன் முற்றிலும் உலர்ந்திருக்கும். புதிய வழக்கம் ஒன்றைப் புகுத்துவதைவிட, இருக்கின்ற வழக்கத்தோடு இவ்வேலையை இணைப்பது களப்பணியாளருக்கு எளிதாகும்.

செய்யத்தக்கவை

நேரமும் மண்ணும் குறைவாக உள்ள வீட்டில் எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் அடைக்க இயலாது. அங்கே உறங்கும் அறையின் உட்சுவரில் ஆறடி உயரத்திற்குட்பட்டவற்றை முதலிலும், வீட்டோடு ஒட்டிய தொழுவத்தின் சுவரை அடுத்தும், மற்றவற்றைப் பின்னரும் எடுத்துக்கொள்ளலாம். மணல் ஈயின் புழுக்கள் மக்கிய பொருள் நிறைந்த ஈர மண்ணில் வளர்வனவாதலின், சுவரடியில் சாணமும் குப்பையும் குவிந்திராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பள்ளிகளில் புட்டிச் சோதனையையும் மூன்று கலவைச் சோதனையையும் மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். மண்ணின் கூறுகள், ஆவியாதல், படிகமாதல், சுருக்கம் ஆகிய பாடங்கள் அனைத்திற்கும் பள்ளிச் சுவரே சோதனைச் சாலையாகிறது. தங்கள் வீட்டுச் சுவரிலுள்ள துளைகளை எண்ணி, ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதி வருமாறு மாணவர்களைப் பணிக்கலாம். களப்பணியாளர்கள் வீடு வீடாகச் செல்லும்போது வாயால் சொல்வதோடு நில்லாமல், ஒரு துளையை வீட்டாரின் எதிரிலேயே செதுக்கி, நனைத்து, அடுக்கடுக்காக அடைத்துக் காட்டுதல் நலம். ஒருமுறை கண்டவர் எஞ்சியவற்றைத் தாமே அடைத்துக்கொள்வர்.